துயரும் ஒலிப்பதிவும்: கொரெட்ஸ்கியின் மூன்றாஞ் சிம்பொனி பற்றிய ஒரு நோக்கு

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இறப்பு ஒரு குடும்பத்தின் இழப்பு மட்டுமன்று. லயம் முழுவதன் இழப்பாகும். தப்பின் ஓசை அடுத்த மலைக்கும் செய்தி சொல்லும். ஒருத்தி தாழ்ந்த குரலில் ஒப்பாரியைத் தொடங்குவாள். வந்து சேரும் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அவளைக் கட்டிக்கொண்டு, தத்தம் பழைய இழப்புகளையும் அதனோடு சேர்த்து அழுவர். அழுகை உச்சத்தை எட்டிப் பின்னர் மெல்ல அடங்கும். இதனை இசை என்று அங்கு எவரும் அழைப்பதில்லை. ஆயினும் இசைக்குரிய ஒழுங்கு அதில் உண்டு. இத்தகைய துயரக் குரல் இசையரங்குக்கும் இசைத்தட்டுக்கும் செல்லும்போது எதனைப் பெறுகிறது, எதனை இழக்கிறது என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும். போலந்து நாட்டு இசையாக்குநர் ஹென்றிக் கொரெட்ஸ்கியின் மூன்றாஞ் சிம்பொனியும் அதன் ஒலிப்பதிவுகளும் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றன.

போலந்து இசை என்றதும் சொப்பினின் பெயரே பலருக்கும் நினைவு வரும். மசூர்க்கா என்னும் கிராமிய நடனத்தைப் பியானோ இசையாக உயர்த்தியவர் அவர். மக்கள் இசையிலிருந்து ஊட்டம் பெறும் அம்மரபிலேயே கொரெட்ஸ்கியையும் வைத்து நோக்க வேண்டும். 1933ஆம் ஆண்டு சிலேசியா என்னும் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசத்திற் பிறந்த அவர், இரண்டு வயதிலேயே தாயை இழந்தவர். தொடக்கத்திற் கடுமையான புதுமை இசையை ஆக்கிய அவர், 1976இல் அப்பாதையை விட்டு விலகி, ‘துயரப் பாடல்களின் சிம்பொனி’ எனப்படும் இப்படைப்பை எழுதினார். 1977இல் பிரான்சின் ருவாயன் நகரில் இது அரங்கேறியபோது, புதுமை இசையின் ஆதரவாளர் பலர் இதன் எளிமையைக் கடுமையாகக் கண்டித்தனர்.

சிம்பொனியின் மூன்று பகுதிகளும் மெல்ல நகர்வன. மூன்றும் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பிரிவைப் பற்றியன. முதலாவது, சிலுவையில் மாளும் மகனை நோக்கி மரியாள் புலம்பும் பதினைந்தாம் நூற்றாண்டுப் பாடல். இரண்டாவது, நாஸிகளின் சிறையொன்றில் 1944ஆம் ஆண்டு பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி சுவரில் எழுதிய வேண்டுதல். மூன்றாவது, போரில் மாண்ட மகனின் உடல் எங்கே கிடக்கிறது என அறியாத தாயொருத்தியின் நாட்டார் பாடல். வேதம், சிறைச்சுவர், கிராமம் என்னும் மூவிடத்துக் குரல்களையும் ஒரே தரத்தில் வைத்தமை இப்படைப்பின் முதற் சிறப்பாகும்.

இரண்டாவது சிறப்பு அதன் அமைப்பாகும். முதற்பகுதியில் அடித்தொனி நரம்புக் கருவிகள் நீண்டதொரு மெட்டைத் தொடங்குகின்றன. பிற கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டை ஏந்தி மேலெழுகின்றன. நடுவிலே பெண்குரல் தனித்து ஒலிக்கிறது. அதன்பின் கருவிகள் ஏறிய வழியே இறங்கி அடங்குகின்றன. ஒப்பாரியைக் கேட்டுப் பழகிய செவிக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒருவரின் அழுகையைப் பலர் ஏந்திக்கொள்ளும் முறையே இரண்டிலும் உயிர்நாடியாக உள்ளது.

எனவே, இதன் ஒலிப்பதிவு எதனையும் மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் குரலின் இனிமை மட்டுமாக இருத்தல் இயலாது. தனித்துயர் பொதுத்துயராக மாறுவது அதிற் கேட்கிறதா என்பதே முதன்மையான வினா.

1978ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் ஸ்டெபானியா வொய்தோவிச், யெர்சி கட்லெவிச்சின் நெறியாள்கையிற் பாடினார். அவரது குரல் கனமானது, முதிர்ந்தது, மூன்றாம் பகுதியின் தாய்க்கு இயல்பாகப் பொருந்துவது. வாத்தியக்குழு குரலுக்குப் பின்னணியாகாது, உடன் அழும் கூட்டமாக நிற்கிறது.

1992இல் வெளிவந்த ஒலிப்பதிவே இப்படைப்பை உலகறியச் செய்தது. டோன் அப்ஷோ பாட, இலண்டன் சின்ஃபோனியெற்றாவை டேவிட் ஸின்மன் நெறிப்படுத்தினார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. பிரித்தானியாவின் பொது இசைத்தட்டு வரிசையிலும் அது ஆறாம் இடத்தை எட்டியது. அப்ஷோவின் குரல் தெளிந்த நீர் போன்றது. சிறைப்பட்ட இளம்பெண்ணின் பகுதியில் அத்தெளிவு நெஞ்சை உருக்குகிறது. ஆனால் மூன்றாம் பகுதியிலும் அதே தூய்மை தொடரும்போது, மகனைத் தேடி அலைந்த தாயின் களைப்பு அதிற் புலப்படவில்லை. துயரம் ஆறுதலாகிவிடுகிறது. ஓய்வு வேளைக்குரிய இசையாகப் பலர் இதனை நுகர நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மூன்றாவது ஒலிப்பதிவு 2014 நவம்பர் 29 அன்று வார்சோவில் நிகழ்ந்த கச்சேரியிற் பெறப்பட்டு, 2019இல் வெளியிடப்பட்டது. மெல்லிசைப் பாடகியான பெத் கிப்பன்ஸ் பாட, போலந்தின் மற்றொரு பேரிசையாக்குநரான பென்டரெட்ஸ்கி நெறிப்படுத்தினார். கிப்பன்ஸ் போலிஷ் மொழி அறியாதவர். செவ்வியற் பயிற்சி அற்றவர். உயர்ந்த சுரங்களில் அவரது குரல் நடுங்குகிறது. இலக்கணப்படி இது குறையே. எனினும் துயரத்தின் உண்மை அந்நடுக்கத்தில் உள்ளது. ஆனால் ஒலிவாங்கிக்கு மிக நெருங்கி ஒலிக்கும் அக்குரல் தன்னுள் ஒடுங்கி அழுகிறது. அதனைக் கூட்டம் ஏந்திக்கொள்வதாகத் தோன்றவில்லை. ஆகவே, புகழில் ஏனைய இரண்டிலும் பின்தங்கிய வொய்தோவிச்சின் பதிவே படைப்பின் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது எனத் துணியலாம்.

வார்சோக் கச்சேரிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், 2014 ஒக்டோபர் 29 அன்று, இதே ஊவா மாகாணத்தின் கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. மகனின் உடல் எங்கே என அறியாத தாய் சிலேசியாவின் பழம்பாடலில் மட்டும் வாழ்பவளல்லள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளுக்கும் பிரித்த காலத்திலும் அவள் இம்மலைகளில் அழுதாள்.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தமை பெரும் பணியாகும். எனினும் ஏட்டில் நிற்பது சொல் மட்டுமே. இழுப்பும் விம்மலும் இடைமூச்சும், உடன் எழும் பிற குரல்களும் பாடியவளோடு மறைந்துவிடுகின்றன. இவற்றைக் காக்கவல்லது ஒலிப்பதிவு ஒன்றே. ஆனால் அப்பணியில் இறங்குவோர் மூன்று போலந்துப் பதிவுகளும் தரும் பாடத்தை மனங்கொள்ளல் வேண்டும். குரலை மெருகூட்டினால் துயரம் மறைந்துவிடும். தனிக்குரலை மட்டும் பிரித்தெடுத்தால் சமூகம் மறைந்துவிடும். ஒப்பாரியை அதன் கரகரப்போடும் கூட்டத்தோடும் பதிவுசெய்வதே நேர்மையான முறையாகும். அதிலிருந்து ஒரு சிம்பொனி எழுமா என்பது பின்னைய வினா. தொடங்கிவைக்கும் அம்முதற் குரலை இழந்துவிடாதிருத்தலே இன்றைய கடமை.