புத்தகம் சாட்சி சொல்லும் கதைகள்

துப்பறியும் இலக்கியத்தில் 'கோஸி' என்றொரு கிளை உண்டு. அதில் கொலை நடக்கும், கொடூரம் விவரிக்கப்படாது. துப்பறிகிறவர் போலீஸ்காரர் அல்லர்; ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண். ஊர் சிறியது. கொலையாளி வெளியிலிருந்து வந்தவராக இருக்க மாட்டார். பேக்கரி, தேநீர்க் கடை, கம்பளி நூல் கடை என்று பல களங்களில் இந்தக் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மிக நன்றாக வேரூன்றியது புத்தகக் கடைதான். இக்கதைகளின் தரத்தை அறிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: அந்தக் கடையில் உள்ள புத்தகம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது?

முன்னோடிகள்

சிற்றூர் என்ற களத்தை நிலைநிறுத்தியவர் அகதா கிறிஸ்டி. 1930இல் வெளியான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' நாவலில் செயின்ட் மேரி மீட் கிராமமும் அங்கே துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளும் இடம்பெற்றனர். மனித சுபாவம் எங்கும் ஒன்றே, அதை ஒரு கிராமத்திலேயே முழுதாகப் படித்துவிடலாம் என்பது மார்ப்பிளின் நம்பிக்கை. புத்தகக் கடையை மர்மத்தின் மையமாக்கிய முன்னோடி அமெரிக்கரான கிறிஸ்டோபர் மார்லி. அவருடைய 'தி ஹான்டட் புக்‌ஷாப்' 1919இல் வந்தது. புரூக்ளினில் உள்ள பழைய புத்தகக் கடையிலிருந்து, ஆலிவர் குரோம்வெல் பற்றிய கார்லைலின் நூல் ஒன்று காணாமல் போகிறது, திரும்பி வருகிறது, மீண்டும் காணாமல் போகிறது. அதன் பின்னணியில் அதிபர் உட்ரோ வில்சனைக் கொல்லும் சதி இருக்கிறது. களம் பெருநகரம்தான். ஆனாலும் அலமாரியில் ஒரு புத்தகம் இடம் மாறினால் அதைக் கடைக்காரரின் கண் உடனே கண்டுகொள்ளும் என்ற அடிப்படையை மார்லி அன்றே பிடித்துவிட்டார்.

எண்பதுகளின் எழுச்சி

புத்தகக் கடை மர்மக் கதை தனி வகையாகத் திரண்டது 1980களின் அமெரிக்காவில். அதற்கு முன்பே மர்ம நூல்களுக்கென்று தனிக் கடைகள் நியூயார்க்கில் தோன்றியிருந்தன: 1972இல் டிலிஸ் வின் தொடங்கிய 'மர்டர் இங்க்', 1979இல் ஆட்டோ பென்ஸ்லர் தொடங்கிய 'தி மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்'. 1984 முதல் 1996 வரை ஓடிய 'மர்டர், ஷீ ரோட்' தொலைக்காட்சித் தொடர், கேபட் கோவ் என்னும் கற்பனைக் கடலோர ஊரையும் துப்பறியும் பெண் எழுத்தாளரையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

ஜோன் ஹெஸ்ஸின் 'ஸ்ட்ராங்கில்ட் ப்ரோஸ்' 1986இல் வந்தது. கல்லூரி ஊர் ஒன்றில் கணவனை இழந்த கிளேர் மல்லாய் புத்தகக் கடை நடத்துகிறார். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் காதல் நாவலை அவர் தம் கடையில் வெளியிட, அந்த நாவல் பேராசிரியர்களின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்துகிறது, எழுதியவர் கொல்லப்படுகிறார். மறு ஆண்டு கரோலின் ஹார்ட்டின் 'டெத் ஆன் டிமாண்ட்' வந்தது. தென் கரோலினா கடலோரத் தீவில், மாமாவிடமிருந்து வந்த மர்ம நூல் கடையை ஆனி லாரன்ஸ் நடத்துகிறாள். மர்ம எழுத்தாளர்கள் கூடும் மாலையில், சக எழுத்தாளர்களின் ரகசியங்களை வெளியிடப்போவதாக ஒருவர் அறிவிக்கிறார். விளக்குகள் அணைகின்றன, அவர் பிணமாகிறார். இந்தத் தொடர் முப்பது ஆண்டுகள் நீடித்தது. கிறிஸ்டியின் பெயரால் அமைந்த அகதா விருதை வழங்கும் 'மாலிஸ் டொமஸ்டிக்' மாநாடு 1989இல் தொடங்கியதும், இவ்வகைக்கு முறையான அங்கீகாரம் கிடைத்தது. அந்த விருதின் வடிவம் ஒரு தேநீர்க் கெண்டி.

ஏன் புத்தகக் கடை?

கதையமைப்பின் தேவைகளை இந்தக் களம் இயல்பாகவே நிறைவு செய்கிறது. காரணம் சொல்லாமல் யாரும் உள்ளே வரலாம், எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் நிற்கலாம். சந்தேகத்துக்குரியவர்கள் எல்லோரும் ஒரு கூரையின் கீழ் வந்துபோவதை வாசகர் இயல்பாக ஏற்றுக்கொள்வார். யார் எதைப் படிக்கிறார்கள், யார் வழக்கத்துக்கு மாறாக எதைத் தேடுகிறார்கள் என்பதைக் கடைக்காரர் அறிவார். பிணம் தன் கடையில் கிடப்பதால் போலீசின் பார்வை அவர்மேல் விழுகிறது. பிழைப்பே போய்விடும் என்ற அச்சம்தான் அவரைத் துப்பறிய வைக்கிறது. சாதாரணக் குடிமகள் ஒருத்தி கொலை வழக்கில் ஏன் தலையிட வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை இந்த வகையில் இல்லை.

லோர்னா பாரெட்டின் 'மர்டர் இஸ் பைண்டிங்' (2008) இந்தப் பிழைப்புப் பிரச்சினையை ஊருக்கே விரிக்கிறது. நொடித்துப்போன ஸ்டோன்ஹாம் என்ற ஊர், புத்தக வியாபாரிகளை அழைத்துவந்து உயிர் பெறுகிறது. இதற்கு மாதிரி வேல்ஸில் உள்ள ஹே-ஆன்-வை. 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூத் அங்கே பழைய புத்தகக் கடை திறந்தார். பிறகு கடைகள் பெருகின. 1977 ஏப்ரல் 1 அன்று அவர் அந்த ஊரைத் தனி நாடாகவும் தம்மை அதன் மன்னராகவும் அறிவித்து உலகின் கவனத்தை ஈர்த்தார். பாரெட்டின் நாவலில் சமையல் நூல் வியாபாரி கொல்லப்படும்போது, 1796இல் அச்சான அமேலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி' காணாமல் போகிறது. ஹெஸ்ஸிடமும் ஹார்ட்டிடமும் புத்தகம் ரகசியத்தை உடைக்கும் ஆயுதம். பாரெட்டிடம் அது விலைமதிப்புள்ள பொருள்.

காமகுராவிலிருந்து ஓர் உயர்வு

மூன்றாவது சாத்தியம் ஜப்பானில் மலர்ந்தது. 1989இல் கிதமுரா காவோருவின் முதல் நூல், கொலையே இல்லாத அன்றாடப் புதிர்க் கதைகளுக்கு அங்கே பாதை வகுத்தது. 2006இல் ஓசாகி கொசுவே, தாமே புத்தகக் கடையில் வேலை பார்த்தவர், ரயில் நிலையக் கட்டடத்தில் இயங்கும் கடையின் ஊழியர்களைத் துப்பறிய வைத்தார்.

2011இல் மிகாமி என் எழுதத் தொடங்கிய 'பிப்லியா கோஷோதோ நோ ஜிக்கென் தெச்சோ' இந்த மரபின் சிகரம். கதை நடப்பது வடக்குக் காமகுராவில் ஒரு பழைய புத்தகக் கடையில். உரிமையாளர் ஷினோகவா ஷியோரிகோ கூச்ச சுபாவம் கொண்ட இளம்பெண்; புத்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டும் தடையில்லாமல் பேசுவாள். உதவியாளன் தைசுகேவால் அச்செழுத்தைத் தொடர்ந்து படிக்க முடியாது. முதல் கதையில், இறந்துபோன பாட்டி வைத்திருந்த, எழுத்தாளர் நத்சுமே சோசெகியின் தொகுதிகளை அவன் கொண்டுவருகிறான். ஒரு தொகுதியில் சோசெகியின் கையொப்பம் இருக்கிறது. சோசெகி இறந்தது 1916இல். அந்தப் பதிப்போ அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. கையொப்பம் போலி என்பது உடனே தெரிந்துவிடுகிறது. பாட்டி ஏன் அப்படியொரு போலியை வைத்திருந்தார் என்பதே புதிர். அதன் விடை ஒரு குடும்பத்தின் வரலாற்றையே மாற்றி எழுதுகிறது. இங்கே புத்தகம் ஆயுதமும் அல்ல, விலைப்பொருளும் அல்ல. அதை வைத்திருந்தவரின் வாழ்வுக்குச் சாட்சி.

மதிப்பீடு

இந்தத் துறையின் பெரிய குறை உற்பத்தி வேகம். பூனை, கேக், சிலேடைத் தலைப்பு ஆகியவற்றை வைத்து வரும் தொடர்களில் கடையை எடுத்துவிட்டுப் பூக்கடையை வைத்தாலும் கதை மாறாது. நல்ல படைப்புகள் களத்தை விரித்திருக்கின்றன. வி.எம். பர்ன்ஸின் 'தி ப்ளாட் இஸ் மர்டர்' (2017), மிச்சிகனில் கடை திறக்கும் கறுப்பினப் பெண்ணை நாயகியாக்கியது. அதே ஆண்டு வந்த எலரி ஆடம்ஸின் 'தி சீக்ரெட், புக் அண்ட் ஸ்கோன் சொசைட்டி', மனக்காயம் கொண்டவர்களுக்குப் புத்தகங்களைத் தேர்ந்து தரும் கடைக்காரியைக் காட்டியது.

பொழுதுபோக்கு எழுத்து என்று ஒதுக்கிவிடக் கூடாத துறை இது. வாசிப்பு ஒரு மனிதரின் வாழ்வில் என்ன தடம் பதிக்கிறது என்பதை வெகுமக்கள் வடிவில் இவ்வளவு கவனமாக விசாரிக்கும் புனைகதை வேறு அதிகம் இல்லை. புதிதாக நுழைகிறவர்கள் ஹார்ட்டிலிருந்து தொடங்கி, பாரெட்டைப் படித்து, மிகாமியிடம் வந்து சேரலாம். ஜப்பானிய மொழி அறிந்த நம் மொழிபெயர்ப்பாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மிகாமியின் முதல் தொகுதியை நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாரோ எழுதிய பெயரைப் பார்த்து ஒரு நிமிடம் நின்ற ஒவ்வொரு தமிழ் வாசகருக்கும் அந்த நூல் உரியது.