உல்லாசக் கப்பல்களின் மாலை அரங்கு: ஒரு மதிப்பீடு

பகலெல்லாம் கடலைக் கண்டு களித்த பயணிக்குக் கதிரவன் மறைந்ததும் கடலும் மறைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பன கப்பலும், அதன் விளக்குகளும், அதனுள் கூடியிருக்கும் சில ஆயிரம் மக்களுமே. நிலத்தில் வாழ்வோன் ஒரு நாடகம் பிடிக்கவில்லையெனில் எழுந்து வீடு திரும்பலாம். அன்றி, வேறோர் அரங்கை நாடலாம். கப்பற் பயணிக்கு அவ்வாய்ப்பு இல்லை. கப்பல் நிறுவனம் எதைப் படைக்கிறதோ அதுவே அவனுடைய மாலைப்பொழுது. உல்லாசக் கப்பல்களின் மாலை நிகழ்ச்சிகள் வெறும் விளம்பரப் பொருளாக மட்டும் நின்றுவிடாமல் திறனாய்வுக்கும் உரியவையாவது இக்காரணம் பற்றியேயாகும்.

இவ்வுண்மையை 2020ஆம் ஆண்டு மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியது. கொள்ளை நோய்க் காலத்தில் துறைமுகங்கள் அடைபட்டிருந்தபோது, அவ்வாண்டு நவம்பரில் ‘வேர்ல்ட் டிரீம்’ கப்பலும், டிசம்பரில் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, எந்தத் துறைமுகத்தையும் அணுகாமல் சிங்கப்பூருக்கே திரும்பி வந்தன. அப்பயணங்களில் காண்பதற்கு ஊர் இல்லை; இறங்குவதற்குக் கரை இல்லை. உணவும் உறக்கமும் போக எஞ்சியது பொழுதுபோக்கு ஒன்றே. வழியிடையே வந்த இன்பம் பயணத்தின் நோக்கமாகவே மாறிவிட்டது. அவ்வாறாயின், அவ்வின்பத்தின் தரம் யாது, வகை எத்துணை என்னும் வினாக்கள் எழுவது இயல்பே.

தோற்றமும் வளர்ச்சியும்

1867ஆம் ஆண்டு ‘குவேக்கர் சிட்டி’ என்னும் நீராவிக் கப்பல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் பாலஸ்தீனத்திற்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அவர்களுள் ஒருவரான மார்க் டுவைன் அப்பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1869இல் வெளிவந்தது. அக்கப்பலில் கூலிக்கு அமர்த்தப்பட்ட கூத்தர் குழு இல்லை. இரவில் பயணிகள் வழிபாட்டுக்குக் கூடினர். பழுதான ஓர் இசைப்பெட்டியின் துணையோடு, ஆடும் மேல்தளத்தில் தாமும் ஆடினர். சொற்போர்க் கழகம் அமைத்தனர். ஒருவருடைய மேலங்கியைக் கப்பலின் கணக்கர் திருடிவிட்டார் என்று பொய்வழக்கு ஒன்றைத் தொடுத்து, நீதிபதி, வழக்கறிஞர், சான்றாளர் என வேடமேற்று விசாரணையும் நடத்தினர். அரங்கேறியோரும் பயணிகள், அவையினரும் பயணிகள்.

1891இல் ஆல்பர்ட் பாலின் என்னும் ஜெர்மானியர் ‘அவுகுஸ்டா விக்டோரியா’ கப்பலைக் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலுக்கு இன்பச் செலவாக அனுப்பினார். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்போர் குறைந்தமையால் வெறுமனே நின்ற கப்பலுக்கு அவர் கண்ட வாணிக வழி அது. எனினும், கப்பலின் முதன்மைப் பணி மக்களை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சேர்ப்பதாகவே நெடுங்காலம் இருந்தது. 1958இல் தாரை விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய பின்னர் அப்பணி படிப்படியே நலிந்தது. 1972இல் தொடங்கிய ‘கார்னிவல்’ நிறுவனம் தன் கப்பல்களைக் களிப்புக் கப்பல்கள் என்றே விளம்பரம் செய்தது. பழைய ‘பிரான்ஸ்’ கப்பல் 1980இல் ‘நார்வே’ என்னும் பெயரோடு மீண்டும் கடலுக்கு வந்தபோது, பிராட்வே பாணி இசைநாடகங்கள் அதன் அரங்கில் ஆடப்பட்டன. 1999இல் ‘வாயேஜர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் பனிச்சறுக்கு அரங்கமும், 2009இல் ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் உயரத்திலிருந்து கலைஞர் குதிக்கும் நீரரங்கமும் தோன்றின.

இம்மலாயாக் கரையோடு தொடர்புடைய ‘ரஜூலா’ கப்பலையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இணைத்தது. தளத்தில் பாய் விரித்துப் படுத்தோருக்குப் பாட்டோ கதையோ வேண்டுமெனில், தாமே பாடியும் பேசியும் கொள்ள வேண்டியிருந்தது. நெருக்கடியும் குமட்டலும் நிறைந்த அப்பயணத்தைப் பொற்காலமென்று போற்றுவது பேதைமையாகும். ஆனால், ‘குவேக்கர் சிட்டி’யின் செல்வரும் ‘ரஜூலா’வின் தொழிலாளரும் ஒரு வகையில் ஒத்தவர்களே: தம் மாலைப் பொழுதைத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியவர்கள். அந்நிலை மாறி, ஆக்குவோர் வேறு, நுகர்வோர் வேறு என்றாகிவிட்டதே கப்பல் அரங்கின் வரலாறாகும்.

அளவுகோல்

வகை என்பதை எவ்வாறு அளப்பது? கப்பல் நிறுவனங்கள் அரங்குகளை எண்ணிக் காட்டுகின்றன: இசைநாடகம், பனிச்சறுக்கு, கயிற்றாட்டம், மாயவித்தை, நகைச்சுவைப் பேச்சு, நடனக் கூடம், பியானோ இசை. பட்டியல் நீளமானதே. ஆயினும், கருவிகள் பல என்பதனால் சுவைகளும் பல என்று கொள்ளுதல் பொருந்தாது.

தமிழ் மாணவர்க்கு இதனினும் நுட்பமான அளவுகோல் ஒன்று கைவசம் உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என வகுக்கிறது. அவ்வியலின் தொடக்கத்தை உரையாசிரியர் ஆடல் பாடல் விளையாட்டோடு தொடர்புபடுத்தியே விளக்குவர். ஆதலின், பொழுதுபோக்குக் கலையை அவ்வளவுகோலால் அளப்பது முறையே. அவ்வாறு அளக்குங்கால், கப்பல் அரங்குகள் பெரும்பாலும் மூன்று மெய்ப்பாடுகளுக்குள்ளேயே சுழல்வது புலனாகும். கயிற்றாட்டமும் மாயவித்தையும் மருட்கை. நகைச்சுவைப் பேச்சு நகை. இசையும் நடனமும் உவகை. அழுகையும் வெகுளியும் இளிவரலும் அவ்வரங்கில் அருகியே காணப்படுகின்றன. அச்சமோ, கயிற்றில் தொங்குவோன் விழுந்துவிடுவானோ என்னும் கணநேரப் பதைப்பாக மட்டுமே தோன்றி, கைதட்டலில் மறைகிறது.

2014இல் வெள்ளோட்டம் கண்ட ‘குவாண்டம்’ கப்பலின் பின்புறத்தே ‘டூ செவென்டி’ என்னும் கூடம் உள்ளது. பகலில் அதன் நெடிய கண்ணாடிச் சாளரங்கள் வழியே கடல் பரந்து விரிந்து தோன்றும். மாலையானதும் அச்சாளரங்களே படத்திரையாகின்றன. இயந்திரக் கைகள் ஆறு ஒளித்திரைகளை ஏந்தி, நடிகரோடு சேர்ந்து ஆடுகின்றன. பொறியியல் திறத்தால் அது வியக்கத்தக்கதே. அதை இகழ்வது நேர்மையன்று. எனினும், மெய்யான கடலை மறைத்து அவ்விடத்தில் படத்தை விரிக்கும் அச்செயல், இன்றைய கப்பல் அரங்கின் போக்கையே சுட்டுவதாக உள்ளது. அதே கப்பலின் பெரிய அரங்கில் ஆடப்பட்ட ‘மம்மா மியா’ கிரேக்கத் தீவொன்றில் நிகழும் கதை. நியூயார்க்கிலிருந்து புறப்பட்டாலும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டாலும் மேடையில் காணும் தீவு அதுவே. கப்பல் நகர்கிறது, அதன் கலை நகர்வதில்லை.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைத் தருகிறது. துறைமுக நகரமாகிய புகாரில் மாதவி பதினோர் ஆடல்களை ஆடுகிறாள். கண்ணன் யானையை அடக்கிய அல்லியம், கடலலையையே அரங்காகக் கொண்டு முருகன் ஆடிய துடி, காமன் ஆடிய பேடி என ஒவ்வொன்றும் வெவ்வேறு கதையும் வெவ்வேறு உணர்வும் உடையது. அதன் பின்னர்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் பொழுதுபோக்காகப் பாடத் தொடங்கிய கானல்வரியோ அவர்தம் பிரிவிலேயே முடிகிறது. பொழுதுபோக்கு என்பது உள்ளத்தைத் தொடாத ஒன்றாகத்தான் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை நம் முதற் காப்பியமே மறுத்துவிடுகிறது.

குறுகியதன் காரணங்கள்

இக்குறுக்கத்திற்குக் கலைஞரைக் குறை கூறுதல் தவறாகும். காரணங்கள் மூன்று. முதலாவது மொழி. ஒரே அரங்கில் ஆங்கிலேயர், சீனர், இந்தியர், மலாய்க்காரர் எனப் பல மொழியினர் அமர்கின்றனர். சொல்லை நம்பும் நாடகம் அங்கே தடுமாறும். உடலை நம்பும் வித்தை வெல்லும். இரண்டாவது நேரம். அரங்கின் இருக்கைகள் பயணிகளின் தொகையினும் குறைவானவை. ஆதலின், உணவு வேளைகளுக்கு ஏற்ப ஒரே நிகழ்ச்சி ஒரே இரவில் இருமுறை நடத்தப்படுகிறது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு பாத்திரம் வளர்ந்து, தடுமாறி, தெளிவதற்கு அக்காலம் போதுவதில்லை.

மூன்றாவது வாணிகம். கட்டணத்தில் அடங்கிய அரங்கு நிகழ்ச்சிக்குப் பயணி தனியே பணம் செலுத்துவதில்லை. நிறுவனத்தின் வருவாயில் குறிப்பிடத்தக்க பங்கு மது, சூதாட்டம், கடைகள் முதலியவற்றிலிருந்து வருகிறது. பொதுவாகச் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் துறைமுகத்தில் மூடப்பட்டுக் கடலுக்குள் சென்ற பின்னரே திறக்கப்படுகின்றன. பல கப்பல்களில் அரங்கை விட்டு வெளியேறுவோர் அவற்றைக் கடந்தே தம் அறைக்குச் செல்ல நேர்கிறது. கண்ணீரோடு வெளியேறும் ஒருவர் சூதாட்ட மேசையருகே நிற்பது அரிது. ஆகவே, மகிழ்ச்சியின் உச்சத்தில் அரங்கைக் கலைப்பது கலைநெறியாக மட்டுமன்றி வாணிக நெறியாகவும் அமைந்துவிடுகிறது.

இக்காரணங்கள் கடக்க முடியாதவையல்ல. 2004இல் பயணத்தைத் தொடங்கிய ‘குவீன் மேரி 2’ கப்பலில் கோளரங்கம் உண்டு. அறிஞர் சொற்பொழிவும் நூலகமும் உண்டு. 2015இல் கடலுக்கு வந்த ‘வைக்கிங்’ நிறுவனத்தின் கப்பல்கள் சூதாட்டக் கூடமே இன்றி இயங்குகின்றன. செல்லும் நாட்டின் வரலாறும் பண்பாடும் பற்றிய உரைகள் அங்கே இடம்பெறுகின்றன. கட்டணம் மிகுதி என்பது உண்மையே. எனினும், வேறு வகையிலும் ஒரு மாலையை அமைக்கலாம் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆண்டு முழுதும் உழைத்தவன் சில நாள் ஓய்வை நாடி வருகிறான். அவனுக்குத் துன்பியல் நாடகம் எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. களைத்த நெஞ்சிற்கு நகையும் மருந்தே. ஆனால், ஓய்வு வேறு. உள்ளம் உறங்கிக் கிடப்பது வேறு. ‘குவேக்கர் சிட்டி’யின் பொய்வழக்கும் நகைச்சுவையே; எனினும், அதில் பங்கேற்றோர் சொல்லைத் தேடினர், வாதத்தைக் கோத்தனர், ஒருவரையொருவர் அறிந்தனர். மறுக்கப்படுவது மகிழ்ச்சியன்று; மகிழ்ச்சியைத் தாமே படைக்க வல்லவர்களை வெறும் நுகர்வோராக்கிவிடும் போக்கே மறுக்கப்படுகிறது.

மேடையில் நிற்போர்

கப்பற் கலைஞரைப் பற்றிக் கூறாது விடின் இம்மதிப்பீடு நிறைவுறாது. 1912 ஏப்ரலில் ‘டைட்டானிக்’ மூழ்கியபோது, வாலஸ் ஹார்ட்லியின் தலைமையில் வாசித்த இசைக் கலைஞர் எண்மரும் மாண்டனர். ஒரு முகவர் நிறுவனத்தின் வழியே அமர்த்தப்பட்டு, இரண்டாம் வகுப்புப் பயணிகளாகப் பதிவு செய்யப்பட்டிருந்தமையால், அவர்கள் கப்பல் நிறுவனத்தின் ஊழியரல்லர் என்று கூறப்பட்டு, அவர்தம் குடும்பங்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. ஜான் ஹியூம் என்னும் இளைய வயலின் கலைஞரின் தந்தைக்கு, மகனுடைய சீருடைக் கணக்கில் நிலுவை உள்ளது என்று அம்முகவர் நிறுவனம் கடிதம் எழுதியது. உலகம் அக்கலைஞரின் இசையைப் புகழ்ந்தது; கணக்கேடு அவர்களைக் கடனாளிகளாக எழுதியது.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2012 ஜனவரி 13 அன்று ‘கோஸ்டா கொன்கோர்டியா’ இத்தாலியக் கரையருகே பாறையில் மோதியபோது, அதன் அரங்கில் மாயவித்தை நடந்துகொண்டிருந்தது. மாண்ட 32 பேருள் ஹங்கேரி நாட்டு வயலின் கலைஞர் ஒருவரும் அடங்குவார். அவர் குழந்தைகளுக்கு மிதவை அங்கி அணிய உதவியபின் தம் வயலினை எடுக்கத் திரும்பிச் சென்றவர் என்று உடனிருந்தோர் கூறினர். பல மாத ஒப்பந்தத்தில் வீட்டைப் பிரிந்து ஒவ்வோர் இரவும் புன்னகையோடு மேடையேறுவோரின் உழைப்பை, பயணச் சீட்டின் விலையில் அடங்கிய ஒன்றாக மட்டும் கருதுதல் ஆகாது.

முடிவுரை

பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் இக்கப்பல்களில் செல்லும் மாணவர் இன்று பலர். அவர்களுள் சிலருக்கு நேரில் காணும் முதல் மேடையே கப்பல் அரங்காக அமைகிறது. கலை என்பது கண்ணைப் பறிப்பதே என்று அங்கே கற்றுக்கொண்டு திரும்பும் மாணவன், ஊர்க் கோவில் திடலில் நடக்கும் கூத்திலோ பள்ளி மேடை நாடகத்திலோ சுவை காண இயலாதவனாகிவிடக் கூடும். அவனைத் தடுப்பது ஆசிரியர் கடமையன்று. பார்க்கப் பழக்குவதே கடமை. திரும்பி வந்தவனிடம், ‘என்ன பார்த்தாய்?’ என்பதோடு நில்லாமல், ‘எந்த மெய்ப்பாடு உனக்குள் எழுந்தது? எது எழவே இல்லை? மேடையில் இருந்தவர் எந்த நாட்டவர்? நீ அங்கே என்ன பாடினாய்?’ என்று வினவலாம்.

இறுதி வினாவிற்கு அவனிடம் விடை இருக்குமாயின், அவன் பயணம் பயனுடையது. கப்பல்கள் இனியும் பெரியனவாகும், விளக்குகளும் பெருகும். ஆயினும், இரவில் தளத்துக்கு வந்து, இருண்ட கடலை நோக்கி நின்று, அருகிலிருப்போர்க்குத் தனக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பாடிக்காட்ட வல்ல பயணி, எக்காலத்திலும் அக்கப்பலின் அரங்கினும் செல்வமுடையவனே.