ஒரே காலம், இரண்டு கொப்பிகள்

2023 நவம்பர் 27 அன்று சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் வீ.பி. சிங்குக்குச் சிலை திறந்தார்கள். அதையொட்டித் தமிழில் வந்த கட்டுரைகள் சிலவற்றை வாசித்தேன். மண்டல் பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், பாபரி மஸ்ஜிதைக் காக்க நின்று ஆட்சியை இழந்தவர் என்று நன்றியோடு எழுதியிருந்தார்கள். அந்த நன்றியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இலங்கையிலிருந்து இந்தியப் படையைத் திருப்பி அழைத்து முடித்ததும் அவருடைய அரசாங்கம்தான். அது நான் வாசித்தவற்றில் ஒரு வரிக்கு மேல் இல்லை. மறுபக்கம், அமைதிப்படைக் காலத்தை எழுதுகிற நம் நாட்டவர் மண்டலைத் தொடுவதில்லை. சீர்திருத்தத்துக்கு ஒரு கொப்பி, யுத்தத்துக்கு வேறொரு கொப்பி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திகதிகளை மட்டும் பாருங்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்தியச் சிப்பாய் திருகோணமலையில் கப்பலேறினான். ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஓகஸ்ட் 7 அன்று, டில்லியில் மண்டல் அறிவிப்பு வந்தது. ஒக்டோபர் 30 அன்று அயோத்தியில் மஸ்ஜிதின் மேல் ஏறியவர்களைத் தடுக்கத் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே ஒக்டோபர் 30 அன்றுதான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். ஒரு கொப்பியை மட்டும் வாசிக்கிறவனுக்கு இந்த இரண்டு ஒக்டோபர் 30-ம் ஒரே நாள் என்பது தெரியவே வராது.

படை போனதால்தான் வெளியேற்றம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியேற்றியது புலிகள், அந்தப் பொறுப்பை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அந்தப் படை நின்ற காலமும் நல்ல காலமல்ல. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நடந்த கொலைகளே சாட்சி. என் கேள்வி வேறு. படை வந்தபோதும் போனபோதும் முஸ்லிம்கள் யாருடைய கணக்கில் இருந்தார்கள்?

இதற்கு 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். முகப்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று நாட்டின் இனங்கள் வரிசையாக வருகின்றன. வடக்குக் கிழக்கு நிலத்தைப் பற்றிப் பேசும் இடத்துக்கு வந்ததும் அந்தப் பெயர் மறைந்து, ‘தமிழ் பேசும் மக்கள்’, ‘ஏனைய இனக் குழுக்கள்’ என்றாகிவிடுகிறது. நாம் தமிழ் பேசும் மக்களா, ஏனைய குழுவா? இலக்கணம் படித்தவனுக்கும் விளங்காத வாக்கியம் அது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்களவில் இருந்தவர்கள், இணைந்த மாகாணத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருங்கினார்கள். 1988 முடிவதற்குள் கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன சர்வசன வாக்கெடுப்பு நடக்கவேயில்லை.

இரண்டு கொப்பி எழுதும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் 1964 இல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965 இல் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். முதியோருக்கு அரசாங்க மருத்துவக் காப்புறுதி தந்தவரும் அவரே. அதே மனிதர்தான் வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கு மேல் படையைக் குவித்தார். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயோர்க் தேவாலயமொன்றில், ஏழைக்கான காசை யுத்தம் தின்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். தமக்குச் சட்டம் வாங்கித் தந்தவரையே எதிர்ப்பதா என்று சொந்த ஆட்களே அவரை ஏசினார்கள். அந்த மாதக் கடைசியில் முஹம்மத் அலி படையில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார். நன்றியுள்ளவன் கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டத்தை இவர்கள் ஏற்கவில்லை.

நம்மிடையே அப்படி எழுதிய புத்தகம் ‘முறிந்த பனை’. ராஜினி திராணகமவும் மற்ற மூன்று விரிவுரையாளர்களும் இந்தியப் படை செய்ததையும் புலிகள் செய்ததையும் மற்ற இயக்கங்கள் செய்ததையும் ஒரே அட்டைக்குள் வைத்தார்கள். யுத்தத்தில் பெண்கள் பட்ட பாட்டை ராஜினியே எழுதினார். புத்தகம் வெளிவருமுன், 1989 செப்டம்பர் 21 அன்று, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வெளியேற்றத்துக்கு முன்பே எழுதி முடிந்ததால் நமது கதை அதில் இல்லை. ஆனால், அவரோடு நின்றவர்களின் மனித உரிமைக் குழு, பின்னர் அந்தக் கதையையும் அதே கண்டிப்போடு பதிவு செய்தது.

இனி எங்கட எழுத்துக்கு வருகிறேன். புத்தளத்துக் கரையில் இருந்து வெளியேற்றம் பற்றிக் கவிதை, சிறுகதை, நினைவுக் குறிப்பு என்று நிறைய வந்திருக்கிறது. ஏறத்தாழ 75,000 பேரின் துயரம் அது, வரத்தான் வேண்டும். ஆனால், நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை ஒக்டோபரில் தொடங்கி அகதி முகாமில் முடிகின்றன. திடீரென்று வந்த புயல் மாதிரி. புயலுக்குக் காரணம் கேட்க முடியாது, அரசியலுக்குக் கேட்கலாம். 1987 இல் கையெழுத்திட்டவர்கள் யார், 1989 இல் கொழும்பில் யார் யாரோடு பேசினார்கள், அந்த மேசையில் நமக்குக் கதிரை இருந்ததா என்று கேட்காத எழுத்து, அழ வைக்கும். அதற்கு மேலே போகாது.

மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் இறங்கியவர்களில் அன்று முப்பது வயதுக்காரர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எழுத நினைக்கும் பிள்ளைகள் அவர்களிடம் வெளியேறிய அந்த நாளை மட்டும் கேட்டுவிட்டு எழும்பி வர வேண்டாம். அமைதிப்படை ஊருக்குள் வந்தபோது என்ன நடந்தது, போனபோது யார் சந்தோஷப்பட்டார்கள், யார் பயந்தார்கள் என்றும் கேளுங்கள். வீ.பி. சிங்கைப் பற்றி அன்று வானொலியில் என்ன கேட்டார்கள் என்றும் கேளுங்கள். வருவதையெல்லாம் ஒரே கொப்பியில் எழுதுங்கள்.