துலுக்க ராஜாவும் வளைந்த மரமும்

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில் மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் வரலாறு, வாய்மொழிப் பழங்கதையின் மறுஆக்கமே. சென்னாதேவியின் அழகில் மயங்கிய துலுக்க ராஜா. அவனிடமிருந்து தப்பி ஓடுவோர் ஆற்றைக் கடக்க வளைந்து கொடுக்கும் மரம். இடைசெவலுக்கு மேற்கே, புளியங்குடியில் இருந்து வாசிக்கும் நமக்கு மரம் வளைவதில் ஐயமில்லை, ராஜாதான் உறுத்துகிறான். அவனுக்குப் பெயரில்லை, முகமில்லை. பழங்கதையில் அரக்கன் நின்ற இடத்தில் நிற்கிறான். பாட்டி அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதில் குற்றமில்லை. ஆனால் பாட்டியின் வாய்க்கும் நாவலாசிரியரின் எழுதுகோலுக்கும் சற்றேனும் இடைவெளி வேண்டாமா? தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) தம் சமூகத்தின் ஐதீகங்களைத் திரும்பச் சொல்லும்போதே, அவற்றால் ஆதாயம் அடைவோர் யார் என்றும் விசாரித்தார். கோபல்ல கிராமத்தில், ராஜாவைப் பொறுத்தவரை, அவ்விசாரணை தொடங்கவேயில்லை.