துருப்பிடித்த ஊசியைக் கண்டு திரும்பிய சோழன்

கடாரம் கொண்டான் என்றால் நம்ம பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே சோழன் 'செஜாரா மெலாயு'வில் சீனர்களிடம் ஏமாந்து ஊர் திரும்புகிறான். அந்த இடம் வந்தால் ஆசிரியர்களாகிய நாம்தான் பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிடுகிறோம். பெக்கோக்கில் சீனப் பிள்ளைகளோடு ஒரே கடைத்தெருவில் வளருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கதைதான் முதலில் வேண்டும் என்பேன்.

இந்திய மன்னன் ராஜா சூரன் சீனாவைப் பிடிக்கக் கிளம்புகிறான். (பெயர் ஏட்டுக்கு ஏடு மாறும், சோழன் என்ற சொல்லின் சாயல் அதில் தெரிகிறது.) வழியில் பேராக்கில் கங்கா நகரமும், நம் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கிளாங்கியுவும் வீழ்கின்றன. துமாசிக் வந்துவிட்டான் என்றதும் சீன மன்னன் கலங்கினாலும் படையை அனுப்பவில்லை. ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்துக் குலுங்கும் பழமரங்கள், பல்லுப்போன கிழவர்கள் என்று ஏற்றி அனுப்புகிறான். கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த மரங்கள் வெறும் விதைகள், ஊசிகளோ கைத்தடிமன் இரும்புக் கம்பிகள் என்று அவர்கள் சொல்ல, சூரன் நம்பித் திரும்பிவிடுகிறான்.

கதையில் ஓட்டை இல்லாமல் இல்லை. இரண்டு கோட்டைகளைப் பிடித்தவன் வேறு ஒரு மாலுமியைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டானா? கதைக்கு அவன் நம்பியாகணும், அதனால் நம்புகிறான், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கிழவர்களின் பொய் வெறும் பொய்யும் இல்லை. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. பயணத்துக்கு ஆன நாள் 1,150 என்று சீனக் குறிப்பு சொல்கிறது. மூணு வருஷத்துக்கும் மேலே! ராஜேந்திரனின் கப்பற்படை 1025இல் வந்தது, ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது, செல்வத்தை அள்ளியது. இங்கே தங்கி ஆளவில்லை. சீனாவுக்கு அவன் 1033இல் அனுப்பியதும் தூதரைத்தான். வந்து வென்றதை மெய்க்கீர்த்தி முழங்கிச் சொல்லும். ஏன் போனார்கள் என்று ஒரு காரணம் கற்பிக்க மலாய்க் கதைக்குத்தான் தோன்றியிருக்கிறது.

சூரனைக் கேலி செய்ய எழுதியது என்றும் நினைக்க வேண்டாம். திரும்பும் முன் அவன் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். அந்த வழியில்தான் மலாக்கா சுல்தான்களின் வம்சத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறது நூல். 1612இல் அதற்கு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங், ஜொகூரின் பெண்டஹாரா.