ஐகான் வெளுத்துப்போச்சு, ஃபார்மேட் பண்ணலாமா?

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் எல்லாம் ஒருநாள் திடீரென்று வெள்ளைத் தாளாக மாறிவிடும். அல்லது எதைப் பார்த்தாலும் ஒரே படமாக, எல்லாமே பிடிஎஃப் மாதிரி தெரியும். அல்லது மொத்தமாகக் காணாமல் போகும். மூன்றுக்கும் நம்ம ஊரில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணிடலாம்."

இதை வெறும் சோம்பேறித்தனம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். இதற்கு ஒரு பூர்வீகம் இருக்கு. ஐகான் என்ற சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித்; ஸ்டான்ஃபோர்டில் 1975-இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில். பிறகு ஜெராக்ஸில் சேர்ந்து, 1981-இல் வந்த ஸ்டார் கணினியின் திரையை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். தாள், ஃபோல்டர், தபால் தட்டு என்று அலுவலக மேசையையே திரையில் வரைந்தார்கள். படத்தைத் தொட்டால் பொருளையே தொட்ட மாதிரி இருக்கணும், அதுதான் யோசனை. பிரமாதமான யோசனை. கட்டளைகளை மனப்பாடம் பண்ணாமல் சாதாரண ஆட்கள் கணினி பழகியது அதனால்தான். படம் கெட்டதும் பொருளே போய்விட்டது என்று பதறுவதும் அதனால்தான்.

விண்டோஸ் மேல் எனக்கிருக்கும் குறை, அந்தப் பதற்றத்தைத் தணிக்க அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை என்பதே. உள்ளே நடப்பது சிக்கலான சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு ஐகானையும் ஒவ்வொரு முறையும் தேடி எடுக்க நேரமாகும் என்று, ஒருமுறை எடுத்ததை ஐகான் கேச் என்ற ஃபைலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. விண்டோஸ் 7 வரை அது ஒரே ஃபைல், அதன்பிறகு ஐகான் அளவுக்கு ஒன்றாகப் பல. அது கெட்டால் வெள்ளைத் தாள் தெரியும். எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு கேச்சை அழித்தால் விண்டோஸ் தானாகவே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். உங்கள் ஃபைல்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

எல்லா ஷார்ட்கட்டும் ஒரே படமாகத் தெரிந்தால் கதை வேறு. ஷார்ட்கட் என்ற ஃபைல் வகையையே யாரோ ஏதோ ஒரு நிரலோடு, 'எப்போதும் இதிலேயே திற' என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். அங்கே கேச்சை அழித்துப் பிரயோஜனம் இல்லை, ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கட்டை அவிழ்க்கணும். மொத்தமாகக் காணோம் என்றால், ரைட் கிளிக் செய்து வியூ மெனுவில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக் போயிருக்கா என்று முதலில் பாருங்க. (பக்கத்திலேயே இருக்கும் ரெஃப்ரெஷைப் பத்துத் தடவை அழுத்துவது நம்ம தேசியப் பழக்கம். அது திரையை மறுபடி வரையும், அவ்வளவுதான்.)

எங்கள் குடியிருப்பில் ஒரு அக்கா வீட்டில் நடந்தது முதல் வகை. அவங்க மொபைலில் எடுத்துவைத்திருந்த படத்தைப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கு, படங்கள் மட்டும் வெள்ளை. சரிபார்க்க வந்தவர் "டி டிரைவ்ல கை வைக்க மாட்டேன், பயப்படாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு சி டிரைவை ஃபார்மேட் செய்திருக்கிறார். டெஸ்க்டாப்பில் நாம் வைப்பது வழக்கமாக சி டிரைவில்தான், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அக்காவோட அப்பாவின் கடைசி வருஷப் படங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. வேறு பிரதி இல்லை. இப்போ ஐகான் எல்லாம் பளிச்சுனு தெரியுது.

விண்டோஸிலேயே ட்ரபிள்ஷூட்டர் இருந்ததே என்பீர்கள். பச்சைக் கோடு ஓடி, சிக்கல் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடியும். அதை இயக்கிய எம்எஸ்டிடி என்ற கருவியிலேயே 2022-இல் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்தது. மறுவருஷமே அதை விலக்கிக்கொள்ளப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எனக்கு வருத்தமில்லை.

மவுஸ் விஷயத்திலும் இதே கண்ணாமூச்சிதான். ஒரு கிளிக் இரண்டாக விழுந்தால் எல்லோரும் போவது கண்ட்ரோல் பேனலில் இருக்கும் டபுள் கிளிக் வேகத்துக்கு. இரண்டு கிளிக்குக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வரை டபுள் கிளிக்காகக் கணக்கில் வரும் என்பதை மட்டுமே அது மாற்றும். வழக்கமாக 500 மில்லி விநாடி, அதிவேகத்தில் வைத்தால் 200. கோளாறோ மவுஸுக்குள் இருக்கு. பட்டனுக்குக் கீழே இருக்கும் சுவிட்சின் உலோகத் தகடு அழுத்தும்போதெல்லாம் சில மில்லி விநாடி துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் மவுஸ் சற்றே பொறுத்திருக்கும். தகடு தேய்ந்துபோனால் துள்ளல் நீண்டு, அந்தப் பொறுமையைத் தாண்டி இரண்டாவது கிளிக்காகப் பதிவாகும். 200-க்கு இறக்கினாலும் அது சிக்காது. மவுஸை வேறு கணினியில் மாட்டிப் பாருங்க, இரண்டே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இதே தேய்ந்த சுவிட்ச், ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைவிடும். கீழே எந்த ஃபோல்டர் இருக்கோ அதற்குள் ஃபைல் விழும். அடுத்த நிமிஷம் "ஐகானைக் காணோம், வைரஸ்!" உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தினால் ஃபைல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதற்குள் வேறு வேலை பண்ணிவிட்டீர்கள் என்றால் பெயரைப் போட்டுத் தேடுங்க. பக்கத்து ஃபோல்டரில்தான் இருக்கும்.