விண்கலத்தின் ஓசையும் வெண்கலத்தின் ஓசையும்

சென்ற கோடை விடுமுறையில், இங்கே வைட்ஃபீல்டில், எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரு விண்வெளி நாடகம் போட்டார்கள். பறக்கும் தட்டு இறங்கும் சத்தத்தை என் பேரன் இணையத்திலிருந்து எடுத்துப் போட்டான். எங்கேயோ கேட்ட சத்தம்தான். அதன்மேல் பழைய ஒலிநாடாவின் இரைச்சலையும் கொஞ்சம் பூசியிருந்தான். "ரெட்ரோ எஃபெக்ட், தாத்தா" என்றான். நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவன் நான். எது வார்ப்பு, எது முலாம் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது முலாம்.

அந்தக் காலத்தவர் இரைச்சலைத் தேடிப் போகவில்லை. 1956-இல் வந்த 'ஃபார்பிடன் பிளானட்' படத்துக்கு லூயி பாரன், பீபி பாரன் தம்பதியர் மின்சுற்றுகளைத் தாங்களே கட்டி, அவை எழுப்பிய அலறலை நாடாவில் பிடித்தார்கள். சில சுற்றுகள் பொசுங்கியே போயின. 1963-இல் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடருக்குக் கால இயந்திரத்தின் ஓசை வேண்டியிருந்தது. பிரையன் ஹாட்ஜ்சன் என்ன செய்தார் தெரியுமோ? வீட்டுச் சாவியால் பியானோவின் தடித்த கம்பிகளைச் சுரண்டினார்! வேற்றுலக ஓசையெல்லாம் வீட்டுச் சாமானில் பிறந்தவைதான்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், கீதா சாராபாய் அம்மையாரின் ஆதரவோடு, டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் மூக் சின்தசைசரை அமைத்துக் கொடுத்தார். அங்கே ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற இளைஞர் 'ஸ்பேஸ் லைனர் 2001' என்ற ஒலிக்கோலத்தை உருவாக்கினார். அந்த நாடாக்கள் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற கலைஞர் கண்டெடுக்க, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. இன்று அதை 'ரெட்ரோ' என்கிறோம். செய்தவருக்கு அது எதிர்காலம் அல்லவா? பேரனின் பூச்சுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

தமிழுக்கு வருவோம். ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' 1963-இல் வந்தது. அதில் வேற்றுக் கிரகத்தான் பானுமதியைத் தூக்கிப் போவது பொன்னுக்காக அல்ல, தன் உலகத்தில் இல்லாத சங்கீதத்துக்காக! என்ன அருமையான கரு! சங்கீதமே இல்லாத உலகத்தில் காதில் என்னதான் விழும்? இந்தக் கேள்வியைப் பின்னால் வந்த நம்மவர் பிடித்துக்கொள்ளவில்லை என்பது என் குறை. ராட்சதப் பொம்மைகளுக்குச் செலவிட்ட கவனத்தில் கால்வாசி காதுக்குக் கிடைத்திருக்கலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சமண மரபில் ஒலி என்பது ஆகாயத்தின் குணமன்று, அது பொருளின் மாற்றம். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் எழுத்தொலி அணுத்திரளிலிருந்து எழுகிறது என்றே இலக்கணம் வகுத்தார். ஆகவே சத்தம் வேண்டுமென்றால் முதலில் ஒரு பொருளைத் தட்டு என்பது என் கட்சி.

பேரனைக் கடைக்குக் கூட்டிப் போனேன். என் அப்பா வந்தவாசியிலிருந்து கொண்டுவந்த வெண்கல உருளி ஒன்று, விற்க மனமில்லாமல் மேல்தட்டில் இருக்கிறது. மரக்கரண்டியால் தட்டினேன், அவன் கைபேசியில் பிடித்தான். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைக் கால்வாசியாக்கினான். ஐந்து விநாடி நாதம் இருபது விநாடியாக நீண்டு, இரண்டு ஸ்தாயி இறங்கியது. பிறகு தலைகீழாகத் திருப்பினான். அடி கடைசிக்குப் போய்விட, ஒன்றுமில்லாததிலிருந்து ரீங்காரம் பெருகிப் பெருகி வந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வேற்றுக்கிரகத்தான் குரலுக்கு இன்னொரு வித்தை உண்டு. ஓர் அலையை இன்னொன்றால் பெருக்குவது. 440 அதிர்வை 30-ஆல் பெருக்கினால் 470-உம் 410-உம் வரும், 440 காணாமல் போகும். எந்தச் சுருதியிலும் சேராது. 'டாக்டர் ஹூ'வின் டாலெக்குகள் பேசுவது இப்படித்தான். என் குரலையே அப்படி ஆக்கிக் காட்டினான். கணக்கு எழுதும் பையன் பயந்தே போனான்.

தசரா விடுமுறையில் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். தட்டு இறங்கியது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த என் மனைவி மட்டும் காதோடு சொன்னாள், "ஏங்க, இது நம்ம உருளி ஆச்சே!"